'பாபாம் வே ஓலும்' எங்கே பார்க்கலாம்?

சாகான் இர்மாக் இயக்கி 2005-இல் வந்த இந்தத் துருக்கிப் படம் ஆங்கில சப்டைட்டிலோடு எங்கே கிடைக்கும்? எனக்குக் கிடைத்த பிரதியில் பேச்சுக்கும் எழுத்துக்கும் சம்பந்தமே இல்லை.

1980-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த இரவில், ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லாமல் கதாநாயகன் சாதிக்கின் மனைவி பிரசவத்தில் இறந்துபோகிறாள். சில வருஷம் கழித்து, தன்னோடு முகம் கொடுத்துப் பேசாத அப்பாவின் பண்ணைக்கே மகனைக் கூட்டிக்கொண்டு போகிறான். கதை இவ்வளவு கனமாக இருந்தாலும் அந்த வீட்டுக் கலாட்டா நன்றாகச் சிரிக்க வைக்கும் (பாட்டி ஒருத்தி போதும்!). தாத்தாவாக வரும் செத்தின் தெகிந்தோருக்காகவே மறுபடி பார்க்க வேண்டும்.

அப்புறம், இதே மாதிரி சிரிப்பும் அழுகையும் கலந்த வேறு துருக்கிப் படங்கள் இருந்தாலும் சொல்லுங்கள். பத்து வயதுப் பையனும் கூட உட்காருவான், அதற்கேற்ற மாதிரி இருந்தால் நல்லது.