நண்பனின் திருமண வரவேற்பை ஃபிலிம் கேமராவில் எடுப்பது: ஃபிளாஷ் வேண்டுமா?

தஞ்சாவூர்க்காரன்:

வணக்கம். அடுத்த மாதம் என் கல்லூரி நண்பனின் திருமண வரவேற்பு தஞ்சாவூரில் ஒரு மண்டபத்தில் மாலை வேளையில் நடக்கவிருக்கிறது. பணம் கொடுத்து அமர்த்திய போட்டோகிராபரும் வீடியோ எடுப்பவரும் வருகிறார்கள். ஆனாலும் ஃபிலிமில் சில படங்கள் வேண்டும் என்று மணமக்கள் இருவருமே என்னிடம் கேட்டிருக்கிறார்கள். என்னிடம் 50 மி.மீ. எஃப்/2 லென்ஸுடன் (எஃப் எண் லென்ஸ் திறப்பின் அளவு; எண் சிறிதானால் திறப்பு பெரிது) ஒரு பென்டாக்ஸ் கே1000-உம், அப்பா வைத்திருந்த யாஷிகா மேட் 124ஜி-உம் இருக்கின்றன. இதுவரை நான் எடுத்தவை எல்லாம் பகல் வெளிச்சத்தில், கோயில் பிரகாரத்திலும் ஆற்றங்கரையிலும் எடுத்தவைதாம். மண்டபத்துக்குள் ஐ.எஸ்.ஓ. (ஃபிலிமின் ஒளி உணர்திறன்) 400 வண்ண ரோல் போதுமா, ஃபிளாஷ் இல்லாமல் சமாளிக்கலாமா, மேடையேறும் விருந்தினர் எல்லோரையும் நானும் எடுக்க வேண்டுமா என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

இருட்டறை:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். மொய்க்கவரோடு வரிசையில் வரும் ஒவ்வொரு குடும்பத்தையும் எடுப்பது அமர்த்தப்பட்டவரின் வேலை. அவருக்கும் மேடைக்கும் நடுவே நாம் போய் நின்றால் அவருக்கு இடைஞ்சல், நமக்கோ 36 படங்கள் கால் மணி நேரத்தில் தீர்ந்துவிடும். உங்களுக்குரிய படங்கள் மேடைக்குக் கீழே இருக்கின்றன. நாற்காலிகளைத் திருப்பிப் போட்டு வட்டமாக உட்கார்ந்து பழங்கதை பேசும் பெரியப்பாக்கள், பந்தியில் இலைக்குத் தண்ணீர் தெளிக்கும் கைகள், மணமகள் அறையில் வாயில் ஹேர்பின்னைக் கவ்விக்கொண்டு பூ வைத்துவிடும் அத்தை ஆகியோரின் பக்கம் அந்த போட்டோகிராபர் அன்று திரும்பக்கூட நேரம் இருக்காது.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை, ஐ.எஸ்.ஓ. 400-க்கு எஃப்/2-இல் 1/60 நொடி ஷட்டர் வேகம் கிடைத்தாலே அதை நன்றாக விளக்கிட்ட மண்டபம் என்று கொள்ளலாம். ஆனால் எஃப்/2-இல் மூன்று மீட்டர் தூரத்தில் துல்லியமாக விழும் ஆழம் சுமார் 40 செ.மீ. மட்டுமே என்பதால், சேர்ந்து நிற்கும் இருவரில் ஒருவர் ஓரடி பின்வாங்கினாலும் அவர் முகம் மங்கிவிடும். எனவே ஐ.எஸ்.ஓ. 400 கறுப்பு வெள்ளை ரோலான இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸை, கேமராவின் ஐ.எஸ்.ஓ.வை 1600-இல் வைத்து எடுத்து, கழுவும்போது இரண்டு ஸ்டாப் புஷ் (ஒரு ஸ்டாப் என்பது ஒளி இரு மடங்கு அல்லது பாதி ஆவது; புஷ் என்பது ஒளிக் குறையை ஈடுகட்ட ரோலைக் கூடுதல் நேரம் கழுவுவது) செய்யச் சொல்வதுதான் என் யோசனை. அதே வெளிச்சத்தில் எஃப்/2.8-உம் 1/125-உம் கிடைத்துவிடும். மேடையில் நீலமும் ஊதாவுமாக எல்.இ.டி. விளக்குப் போட்டிருந்தால், வண்ண ரோலில் கத்தரிப்பூ நிறத்தில் விழும் முகத்தை ஸ்கேன் செய்த பிறகு முழுவதுமாகத் திருத்த முடியாது. கறுப்பு வெள்ளையில் அந்தத் தொல்லையே இல்லை.

கே1000-இன் ஒளி அளக்கும் மீட்டர், பின்னால் எரியும் சரவிளக்குகளைப் பார்த்து ஏமாந்துபோகும். முகத்தில் விழும் அதே வெளிச்சத்தில் உங்கள் உள்ளங்கையை நீட்டி அளந்து, அதைவிட ஒரு ஸ்டாப் கூடுதலாகத் திறந்துகொள்ளுங்கள்.

வைகைக்கரை:

மேடையை விட்டு இறங்கச் சொன்னதை ஏற்கிறேன். ஃபிளாஷை அடியோடு ஒதுக்குவதை ஏற்கவில்லை. அரக்குப் பட்டும் மயில்கழுத்துப் பட்டும் ஒரே சாம்பலாக விழுந்தால், வீட்டுப் பெரியவர்களுக்கு அது கல்யாணப் படமாகவே தோன்றாது.

கே1000-இன் துணித்திரை ஷட்டர் 1/60-க்கு மேல் ஃபிளாஷோடு ஒத்துவராது. கை தவறி 1/125-இல் வைத்தால் படத்தின் ஒரு பகுதி கறுத்துவிடும். யாஷிகாவின் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால் 1/500 வரை எந்த வேகத்திலும் ஃபிளாஷ் வேலை செய்யும். ஐ.எஸ்.ஓ. 100-இல் வழிகாட்டு எண் (ஃபிளாஷின் சக்தியைச் சொல்லும் எண்; அதைத் தூரத்தால் வகுத்தால் எஃப் எண் வரும்) 28 உள்ள சாதாரண ஃபிளாஷுக்கு ஐ.எஸ்.ஓ. 400-இல் அந்த எண் 56 ஆகிறது. ஐந்து மீட்டரில் நிற்பவருக்கு எஃப்/11 என்று கணக்கு வரும். ஆனால் அப்படியே எடுத்தால் முகம் வெளுத்து, பின்னால் மண்டபம் குகை போல் இருண்டு கிடக்கும். ஃபிளாஷை ஆட்டோவில் எஃப்/4-க்கு வைத்து, ஷட்டரை 1/30-க்கு இறக்கிப் பாருங்கள். இருட்டறை சொன்ன வெளிச்சம் இருந்தால் பின்னணி ஒரு ஸ்டாப் மட்டுமே குறையும், மண்டபம் மண்டபமாகவே தெரியும்.

சரிகைக்கு நேரெதிரே நின்று ஃபிளாஷ் அடித்தால் முந்தானையில் வெள்ளைத் திட்டுகள் விழும். சற்றே பக்கவாட்டில் நகர்ந்துகொள்ளுங்கள். சாப்பாட்டுக் கூடத்தின் கூரை தாழ்வாகவும் வெள்ளையாகவும் இருந்தால் ஃபிளாஷின் தலையை மேலே திருப்பி அடிக்கலாம். மேலே வண்ணத் துணி கட்டிய இடத்தில் அதைச் செய்யாதீர்கள். துணியின் நிறம் முகத்தில் இறங்கிவிடும்.

தஞ்சாவூர்க்காரன்:

இருவருக்கும் நன்றி. கே1000-இல் எச்பி5 போட்டு மண்டபத்துக்குள் எடுப்பதாகவும், யாஷிகாவில் வண்ண ரோல் போடுவதாகவும் இப்போதைக்கு முடிவு செய்திருக்கிறேன். பன்னிரண்டே படங்கள் உள்ள யாஷிகாவை எப்போது வெளியே எடுப்பது நல்லது? இரண்டு கேமராவையும் கழுத்தில் மாட்டிக்கொண்டு அலையலாமா?

இருட்டறை:

ஒரு நேரத்தில் ஒன்று போதும். வரவேற்பு தொடங்கும் முன், அலங்காரம் முடிந்து மணமக்கள் காத்திருக்கும் நேரத்தில், பொழுது சாய்வதற்குள் அவர்களை மண்டபத்தின் முன்வாசலுக்கோ திறந்த தாழ்வாரத்துக்கோ அழைத்து வந்து யாஷிகாவில் எடுத்துவிடுங்கள். போர்ட்ரா 400 வண்ண ரோலை 200 என்று வைத்து, அதாவது ஒரு ஸ்டாப் கூடுதல் ஒளி விட்டு எடுத்தால் நிழலில் நிற்கும் முகங்களுக்கு நல்லது. வண்ண நெகட்டிவ் கூடுதல் ஒளியைப் பொறுத்துக்கொள்ளும், குறைந்த ஒளியைத்தான் பொறுக்காது. பிறகு அதைப் பையில் வைத்துவிட்டுக் கே1000-உடன் உள்ளே போங்கள்.

வைகைக்கரை சொன்ன பெரியவர்கள் விஷயத்தில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. அவர்களில் பலருடைய கல்யாண ஆல்பமே கறுப்பு வெள்ளைதான். உதகையிலிருந்த ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ‘இந்து’ என்ற பெயரில் ஃபிலிம் விற்ற காலத்து மனிதர்கள் அவர்கள்.

ரோலை மாட்டியதும் லீவரைத் தள்ளும்போது இடப்பக்கத்து ரீவைண்டு குமிழ் கூடவே சுழல்கிறதா என்று பாருங்கள். சுழலவில்லை என்றால் ஃபிலிம் பல்சக்கரத்தில் மாட்டவில்லை. கே1000-இன் மீட்டருக்குத் தனி சுவிட்ச் கிடையாது, எடுக்காத நேரத்தில் லென்ஸ் மூடியைப் போட்டு வைக்காவிட்டால் பேட்டரி வீணாகும். 1600 என்று தொடங்கிய ரோலை நடுவில் 400-க்கு மாற்றக் கூடாது, ஏனென்றால் ரோல் முழுவதையும் ஒரே நேரக் கணக்கில்தான் கழுவுவார்கள். எடுத்து முடித்தவுடன் மார்க்கரால் டப்பாவின் மேலேயே ‘1600, இரண்டு ஸ்டாப் புஷ்’ என்று எழுதிவிட்டு, லேபில் கொடுக்கும்போது வாயாலும் ஒரு முறை சொல்லிவிடுங்கள்.