வாலில் எடை கட்டி நீந்தவிடும் சோதனை போதுமா? டிரெட்மில் அவசியமா?

நீர்த்தொட்டி:
சுண்டெலி எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும் என்று பார்க்க டிரெட்மில்தான் வேண்டும் என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வாலை ஊன்றி நிற்க முடியாத ஆழத்துக்குத் தண்ணீர் (30 செ.மீ. போதும்), வாலின் அடியில் உடல் எடையில் 5% ஈயக்கம்பி, அதாவது 25 கிராம் விலங்குக்கு 1.25 கிராம். மூழ்கி 10 விநாடிக்குள் மேலே வரவில்லையென்றால் உடனே தூக்கிவிட்டு நேரத்தைக் குறிக்கலாம். டிரெட்மில்லில் ஓடாமல் பின்தங்கினால் கொடுக்கும் மின் ஷாக் வேண்டாம், விலை உயர்ந்த கருவியும் வேண்டாம்.

பெல்ட்:
அந்த நேரம் எதைக் காட்டுகிறது என்பதுதான் சிக்கலே. எடை கட்டிய சுண்டெலி சீராக நீந்தாது. மூழ்கும், அடித்தரையை உதைத்து எழும்பும், ஒரு மூச்சு வாங்கும், மறுபடி மூழ்கும். பாதி மூச்சடக்கும் போட்டிதான் இது. கொழுத்த விலங்கு சும்மாவே மிதக்கும். அதிகக் கொழுப்பு உணவு தின்ற குழுவை மற்றதோடு ஒப்பிட்டால் மிதப்பின் வித்தியாசம்தான் 'திறன்' என்று பதிவாகும். தண்ணீர் 25 டிகிரியில் இருந்தால் தசை களைக்கும் முன்பே உடல் குளிர்ந்து ஓய்ந்துவிடும்.

நீர்த்தொட்டி:
ஹீட்டர் வைத்து 32 டிகிரியில் நிறுத்துங்கள், ஒவ்வொரு விலங்குக்கு முன்னும் தெர்மாமீட்டரைப் பாருங்கள். ரோமத்தை நனைத்து நீவிவிட்டால் காற்றுக்குமிழியும் போய்விடும். ஒரு தொட்டிக்கு ஒரு விலங்கு. இரண்டு விட்டால் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். இதெல்லாம் செய்யாதவர்களின் குறையைச் சோதனையின் தலையில் கட்டாதீர்கள். ஷாக்குக்குப் பயந்து ஓடுவது மட்டும் சுத்தமான திறனா?

பெல்ட்:
இல்லைதான். அதனால்தான் ஷாக்கை நம்பி முடிவெடுக்கக் கூடாது என்கிறேன். மூன்று நாள் பழக்குங்கள்: முதலில் பெல்ட் நின்றிருக்க 5 நிமிடம், பிறகு நிமிடத்துக்கு 10 மீட்டரில் 10 நிமிடம். சோதனையன்று 10 மீட்டரில் தொடங்கி 3 நிமிடத்துக்கு ஒருமுறை 2 மீட்டர் கூட்டுங்கள். ஷாக் 0.2 மில்லிஆம்பியர். லேனின் (விலங்கு ஓடும் தடத்தின்) பின்பக்கம், ஷாக் கொடுக்கும் கம்பிகளுக்கு முன்னால் ஒரு உடல் நீளத்துக்குக் கோடு போடுங்கள். அந்தக் கோட்டுக்குப் பின்னால் தொடர்ந்து 5 விநாடி கிடந்தால் ஓட்டம் முடிந்தது.

பலர் கவனிக்காதது ஒன்று உண்டு: புழுக்கையும் சிறுநீரும் கம்பிகளுக்கிடையே பாலம் போட்டுவிடும். மின்னோட்டம் அந்த வழியாகப் போய்விட, விலங்கு கம்பிமேல் சாவகாசமாக உட்கார்ந்திருக்கும். பார்ப்பவர் 'களைத்துவிட்டது' என்று எழுதுவார்! ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இடையில் துடைத்து, உலர்த்தி, மின்னோட்டத்தை மீட்டர் வைத்துப் பாருங்கள்.

சக்கரம்:
இரண்டுமே கட்டாயப்படுத்துவதுதான். கூண்டில் சக்கரம் வைத்தால் சி57 பிளாக் 6 என்ற ஆய்வக வகைச் சுண்டெலி தானாகவே இரவில் பல கிலோமீட்டர் ஓடும். காந்தமும் சுற்று எண்ணியும் போதும்.

பெல்ட்:
அது ஓட விரும்பியதன் அளவு, ஓட முடிந்ததன் அளவு இல்லை. மருந்து பசியையோ தூக்கத்தையோ மாற்றினாலும் கிலோமீட்டர் மாறும்.

கணக்கு:
டிரெட்மில்காரர்களும் தப்பவில்லை. வேகத்தைப் படிப்படியாகக் கூட்டுவது ஒன்று, ஒரே வேகத்தில் நீண்ட நேரம் ஓடவிடுவது வேறொன்று. முதலாவது உச்ச ஆக்சிஜன் நுகர்வுக்குப் பக்கத்தில் நிற்கும், கடும் உழைப்பில் தசையிலிருந்து வரும் லாக்டேட் ரத்தத்தில் ஏறும். இரண்டாவதில் கிளைகோஜனும் (உடலில் சேமித்த சர்க்கரை) ரத்தச் சர்க்கரையும் முக்கியம். இரண்டுக்கும் ஒரே பெயர் சூட்டுகிறீர்கள்.

எடைக்கும் கணக்குப் போடுங்கள். 10 டிகிரி சரிவில் 300 மீட்டர் ஓடிய 25 கிராம் விலங்கு செங்குத்தாகச் செய்த வேலை சுமார் 12.8 ஜூல். அதே தூரம் ஓடிய 35 கிராம் விலங்கு சுமார் 17.9. தூரத்தை மட்டும் பார்த்தால் இரண்டும் சமம்.

சக்கரம்:
ஒரே நாள் ஓட்டத்தை வைத்துத் தீர்ப்பும் எழுதக் கூடாது. எலிகளில் ஓட்டத்திறனுக்காகவே உயர், தாழ் மரபுவழிகளைத் தேர்ந்தெடுத்து வளர்த்த கோச், பிரிட்டன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் ஒவ்வொரு எலியையும் ஐந்து நாள் ஓடவிட்டு, அதில் சிறந்த நாளைத்தான் எடுத்துக்கொண்டார்கள். 15 டிகிரி சரிவு, 10 மீட்டரில் தொடக்கம், 2 நிமிடத்துக்கு 1 மீட்டர் கூடுதல்.

நீர்த்தொட்டி:
ஐந்து நாள் ஓட்டினால் அதுவே பயிற்சியாகிவிடாதா? மருந்தின் பலன் அதில் கரைந்துவிடும். ஒரே குடும்பத்து எலிகளைத் தரம் பிரிக்க அந்த முறை சரி. இரண்டு வார மருந்துச் சோதனைக்குப் பொருந்தாது.

கணக்கு:
அது நியாயமான கேள்வி. மருந்துச் சோதனையென்றால் தொடங்கும் முன் ஒருமுறை, முடிவில் ஒருமுறை, ஒவ்வொரு விலங்குக்கும் அதன் முதல் அளவோடு ஒப்பீடு. எல்லாவற்றையும் நாளின் ஒரே வேளையில் வைக்க வேண்டும். சுண்டெலி இரவு உயிரி, காலை பத்து மணி அதற்கு நடுராத்திரி. லேன்களைச் சீட்டுக் குலுக்கி ஒதுக்குங்கள். 120 நிமிடத்தில் நிறுத்திவிட்ட விலங்கை '120' என்று எழுதிச் சராசரி எடுக்காதீர்கள்; அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, முடிவு தெரியும் முன்பே நின்றுபோன அளவுகளையும் சேர்த்துக் கணக்கிடும் உயிர்வாழ்வுப் பகுப்பாய்வில்தான் அதற்கு இடம். ஸ்டாப்வாட்ச் பிடிப்பவருக்கு எந்தக் குழு என்று தெரியக் கூடாது. தொட்டியானாலும் பெல்ட்டானாலும்.

நீர்த்தொட்டி:
கடைசி வரியை மட்டும் ஏற்கிறேன். சரிவு இல்லாத தொட்டியில் ஜூல் கணக்கை எப்படிப் போடுவீர்கள் என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

பெல்ட்:
போட முடியாது. நானும் அதைத்தான் முதலிலிருந்து சொல்கிறேன்.