டேஷ்கேமுக்குச் சாலைப்பதிவி என்று வைக்கலாமா?

நண்பர்களே,

காரின் முன்கண்ணாடியில் மாட்டிச் சாலைக் காட்சியைப் பதியும் டேஷ்கேமுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று இங்கே பேசிக்கொண்டிருக்கிறோம். இதுவரை வந்திருக்கும் பெயர்கள் நான்கு: முகப்புக் கேமரா, தளப்பலகைப் படக்கருவி, ஊர்திக்கண், சாட்சிக் கேமரா. ஐந்தாவதாகச் சாலைப்பதிவி என்ற சொல்லை நான் முன்வைக்கிறேன். கொஞ்சம் நீளமாகவே எழுதப்போகிறேன், ஏனென்றால் அந்தக் கருவி வண்டிக்குள் என்ன வேலை செய்கிறது, அதை எங்கே எப்படி மாட்டுகிறார்கள், வாங்குகிறவர் எதைப் பார்த்து வாங்கவேண்டும் என்பதையெல்லாம் பேசாமல் பெயர் மட்டும் வைத்தால் அது அகராதியிலேயே தங்கிவிடும்.

முதல் இரண்டு பெயர்களும் 'டேஷ்' என்பதைத் தமிழாக்கப் பார்க்கின்றன. குதிரைவண்டிக் காலத்தில் குளம்படியில் தெறிக்கும் சேறு ஓட்டுகிறவர் மேல் படாமல் தடுக்க முன்னால் ஒரு பலகை வைத்தார்கள், அதற்குத்தான் டேஷ்போர்டு என்று பெயர். மோட்டார் வண்டி வந்ததும் மீட்டர்கள் இருக்கும் பகுதிக்கு அதே பெயர் ஒட்டிக்கொண்டது. இன்றைய கருவி பெரும்பாலும் அந்தப் பலகையில் உட்காருவதே இல்லை. முன்கண்ணாடியின் மேல்பகுதியில், உள்ளே இருக்கும் பின்பார்வைக் கண்ணாடிக்குப் பின்னால், இடதுபக்கமாகத் தள்ளி ஒட்டுகிறோம். அங்கேதான் ஓட்டுகிறவர் பார்வை மறையாது, மழையில் வைப்பர் துடைக்கும் பரப்புக்குள்ளும் இருக்கும். ஆக, கருவி இல்லாத இடத்தைச் சொல்லும் பெயர் நமக்கு எதற்கு?

மற்ற மொழிக்காரர்கள் என்ன செய்திருக்கிறார்கள் என்று பாருங்கள். கொரியாவில் இதைப் பிளாக் பாக்ஸ் என்றே சொல்கிறார்கள், விமானத்தில் இருக்கும் கறுப்புப்பெட்டியை நினைத்து. ஜப்பானில் டிரைவ் ரெக்கார்டர். சீன மொழிப் பெயருக்கு 'வண்டி ஓடுவதைப் பதியும் கருவி' என்று பொருள். ரஷ்யர்கள் வீடியோரெகிஸ்த்ராத்தர் என்கிறார்கள். 2013 பிப்ரவரி 15 அன்று செல்யாபின்ஸ்க் நகருக்கு மேல் விண்கல் வெடித்ததை உலகமே பார்த்தது அந்த ஊர்க் கார்களில் இருந்த இந்தக் கருவிகளால்தான். நான்கு இடத்திலும் பலகையை விட்டுவிட்டுப் பதிவைப் பிடித்திருக்கிறார்கள். நாமும் அங்கிருந்தே தொடங்கலாம்.

சரி, கேமரா என்றே முடித்தால் என்ன, கண்காணிப்புக் கேமரா மக்களிடம் நன்றாக நிலைத்துவிட்டதே என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் இப்போது விற்பதில் நிறைய இரண்டு கேமரா உள்ளவை, வாடகை வண்டிக்கு மூன்று உள்ளவையும் வருகின்றன: சாலையைப் பார்ப்பது ஒன்று, பின்கண்ணாடியில் ஒன்று, உள்ளே பார்ப்பது ஒன்று. மூன்றும் எழுதுவது ஒரே அட்டையில் (மெமரி கார்டில்), ஒரே பெட்டிக்குள். பெட்டிதான் பதிவி, அதன் கண்கள்தான் கேமராக்கள். இப்படிப் பிரித்தால் 'இந்தச் சாலைப்பதிவிக்குப் பின்கேமரா தனியாகக் கிடைக்குமா' என்று கடையில் குழப்பமில்லாமல் கேட்கலாம். கேமரா என்ற சொல்லும் அதன் இடத்தில் இருந்துவிட்டுப் போகட்டும், அதோடு எனக்குப் பகையில்லை.

பதிவி என்று சொன்னால் வாங்குகிறவரின் கவனமும் சரியான இடத்துக்குப் போகும். விற்பனை அட்டைப்பெட்டிமேல் படத்தெளிவை 4கே என்று பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்தே பலர் முடிவு செய்கிறார்கள். தெளிவு முக்கியம்தான், மறுக்கவில்லை. அதைவிடத் தெளிவு குறைந்த, 140 பாகை அகலம் பார்க்கும் 1080பி கேமராவில், 10 மீட்டர் முன்னால் போகும் காரின் 50 சென்டிமீட்டர் நம்பர் பிளேட்டுக்குக் கிடைப்பது அகலவாக்கில் தோராயமாக 40 படப்புள்ளிகள் (பிக்சல்). பத்து எழுத்துக்குப் பங்கிட்டால் எழுத்துக்கு நான்கு. படிக்க முடியாது. 4கே என்றால் எட்டு, அப்போது பகலில் தேறும். இரவில் இந்தக் கணக்கும் போதாது, உணரி (சென்சார்) நல்லதாக இருக்கவேண்டும், எதிர்வண்டி விளக்கின் கூசலைச் சமாளிக்கும் எச்டிஆரும் வேண்டும். ஆனால் இத்தனை தெளிவும் ஓர் அட்டையில் ஒழுங்காகப் பதிந்தால்தானே பயன்? நொடிக்கு 25 மெகாபிட் வேகத்தில் எழுதினால் மணிக்கு 11 ஜிபிக்கு மேல் ஆகும். 128 ஜிபி அட்டை பத்துப் பதினோரு மணி நேரத்தில் நிறைந்து, பழையதை அழித்துப் புதியதை எழுதத் தொடங்கும். இதற்குச் சுழல்பதிவு என்ற சொல் போதும் என்று நினைக்கிறேன். இப்படி ஓயாமல் அழித்து எழுதுவதைச் சாதாரண மெமரி கார்டு தாங்காது. தொடர்பதிவுக்கென்றே செய்த ஹை எண்டியூரன்ஸ் கார்டு வாங்கவேண்டும், அவ்வப்போது கருவியிலேயே போட்டு ஃபார்மேட் செய்யவேண்டும். அட்டை செத்துப்போய் மாதக்கணக்கில் எதுவும் பதியாமலே கருவி மாட்டியிருக்கும் வண்டிகள் உண்டு.

இன்னொன்று வெயில். சித்திரை வைகாசியில் வெட்டவெளியில் நிறுத்திய காரின் முன்கண்ணாடிப் பக்கம் 60 டிகிரியைத் தாண்டிவிடும். உள்ளே லித்தியம் பேட்டரி வைத்த கருவிகள் அந்தச் சூட்டில் உப்பிக்கொள்ளும். அதனால் பேட்டரிக்குப் பதிலாக மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் சூப்பர் கெப்பாசிட்டர் வைத்ததையே தேடி வாங்குங்கள். இதற்கு மீமின்தேக்கி என்பது பாடநூல் மின்தேக்கியிலிருந்து இயல்பாக வருகிறது, தனியாக விவாதிக்கத் தேவையில்லை.

சாட்சிக் கேமரா பற்றி. சொல்லில் உயிர் இருக்கிறது, கேட்டதும் எதற்கென்று புரிகிறது, முன்மொழிந்தவரைப் பாராட்டுகிறேன். சாட்சி வடசொல் என்பவர்களுக்குக் குறளில் அதே பொருளில் வரும் 'கரி' இருக்கிறது, ஆனால் இன்று கரி என்றால் அடுப்புக்கரிதான் நினைவுக்கு வரும். என் தயக்கம் வேறு. இந்தக் கருவி தானாகவே சாட்சி ஆகிவிடும் என்ற நம்பிக்கையை அந்தப் பெயர் கொடுக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் வைக்கச் சான்றிதழ் இணைக்கவேண்டும், அதில் கோப்பின் ஹேஷ் மதிப்பும் (கோப்பிலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற அடையாள எண்) இருக்கவேண்டும். வாட்ஸப்பில் வீடியோவாக அனுப்பினால் கோப்பு சுருங்கிவிடும், ஹேஷும் மாறிவிடும். எனவே விபத்து நடந்தால் முதல் வேலை அட்டையைக் கழற்றிப் பத்திரப்படுத்துவதுதான், இல்லையென்றால் சுழல்பதிவு அதையும் அழித்துக்கொண்டே போகும். அதிர்வுணரி மோதலை உணர்ந்து அந்தத் துண்டைப் பூட்டிவைக்கும் என்பது உண்மை, ஆனால் நம்மூர் வேகத்தடை ஒவ்வொன்றையும் மோதல் என்று எடுத்துக்கொண்டால் பூட்டிய கோப்புகளாலேயே அட்டை நிரம்பிவிடும். உணர்திறனைக் குறைத்து வைப்பது நல்லது.

ஊர்திக்கண் அழகாக இருந்தாலும் பதிவைச் சொல்லவில்லை. வண்டியோடு பதிவைச் சேர்க்கலாம் என்றால் வாகனப் பதிவு என்பது ஏற்கெனவே ஆர்டிஓ அலுவலகத்துச் சொல். வழிப்பதிவி என்றுகூட எழுதிப்பார்த்தேன், வழிப்பறி நினைவுக்கு வந்து அதையும் விட்டேன். சாலைக்கு அந்தத் தொல்லை இல்லை. பதிவி என்பதும் உணரி, செயலி, வருடி வரிசையில் ஒட்டி நிற்கிறது.

நிறுத்தியிருக்கும்போதும் பதிவாகிறதே, அப்போது சாலை எங்கே என்று கேட்கலாம். அதற்கு நிறுத்தக்காவல் என்று தனிப்பெயர் கொடுப்போம். அதற்குச் சிகரெட் லைட்டர் இணைப்பு பெரும்பாலான வண்டிகளில் போதாது, சாவியை எடுத்ததும் அதில் மின்சாரம் நின்றுவிடும்; ஃபியூஸ் பெட்டியிலிருந்து மூன்று கம்பி எடுக்கவேண்டும்: எப்போதும் மின்சாரம் இருக்கும் லைன் ஒன்று, சாவி போட்டால் மட்டும் வருவது ஒன்று, பாடி எர்த் ஒன்று. நடுவில் இருக்கும் சின்னப் பெட்டி பேட்டரி இறங்கினால் துண்டித்துவிடும். துண்டிக்கும் அளவை 12.2 அல்லது 12.4 வோல்ட்டில் வைக்கச்சொல்லுங்கள், 12.0க்கு வந்துவிட்டால் பழைய பேட்டரி காலையில் ஸ்டார்ட் எடுக்காது.

கம்பி இழுப்பதில் ஒன்றே ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். இப்போது வரும் நிறைய கார்களில் கூரை ஓரத்தில் திரைக் காற்றுப்பை (கர்ட்டன் ஏர்பேக்) இருக்கிறது. முன்கண்ணாடி ஓரத்து முன்தூணின் மூடியைக் கழற்றி, காற்றுப்பைக்குப் பின்னால் கம்பியைக் கொண்டுபோய், ஏற்கெனவே ஓடும் கம்பிக்கட்டோடு சேர்த்துக் கட்டவேண்டும். அவசரத்தில் முன்னால் செருகிவிட்டால் பை விரியும்போது கம்பி குறுக்கே நிற்கும். பக்கத்தில் நின்று பாருங்கள், கேளுங்கள், கடைக்காரர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

ஸ்ரீபெரும்புதூரில் ஹூண்டாய் தயாரிக்கும் எக்ஸ்டர் காரில் 2023லேயே சில வகைகளில் கம்பெனியே இந்தக் கருவியைப் பொருத்தித் தருகிறது. இனி இது தனியாக வாங்கி மாட்டும் பொருளாக மட்டும் இருக்காது. சொல்லைச் சீக்கிரம் முடிவு செய்யவேண்டும் என்று நான் அவசரப்படுவது அதனால்தான்.

இணைய அகராதியான விக்சனரிக்கு என் வரைவு: சாலைப்பதிவி (பெயர்ச்சொல்) – வண்டியின் கண்ணாடியில் பொருத்தி, பயணத்தின்போது சாலைக் காட்சியை இடைவிடாமல் சுழல்பதிவாக எழுதும் கருவி. திருத்தம் இருந்தால் எழுதுங்கள். ஃபியூஸைக் கழற்றிய இடத்தில் செருகி இன்னொரு லைன் எடுக்கும் அந்தச் சின்ன இணைப்பானுக்கு மட்டும் எனக்கு இன்னும் சொல் அகப்படவில்லை. உருகிக்கிளை என்று ஒன்று தோன்றுகிறது, ஆட்டோ எலக்ட்ரீசியன்களோடு பழக்கம் உள்ளவர்கள் அவர்களிடம் சொல்லிப் பார்த்துவிட்டு வாருங்கள்.