பாஸ்ட் புட் கடை வேலைக்குக் கூலி ஏற வேண்டுமா? நம்ம பக்கத்து அனுபவங்கள்

காரைக்குடியிலிருந்து, கடைகளுக்குக் கணக்கு எழுதுபவர்:

கலிஃபோர்னியாவில் பாஸ்ட் புட் வேலைக்கு மணிக்கு 20 டாலர் என்று சட்டம் வந்ததைப் பற்றிப் பேச்சு ஓடுகிறது. பாதிப் பேர் சொல்வது ஒன்றுதான்: "படிக்கிற பையன்கள் கைச்செலவுக்குச் செய்கிற வேலை, அதற்கு எதற்கு இவ்வளவு?" அமெரிக்காவிலும் இதே பேச்சுதான். 2012 நவம்பரில் நியூயார்க்கில் பாஸ்ட் புட் தொழிலாளர்கள் மணிக்கு 15 டாலர் கேட்டு வேலையை நிறுத்தினார்கள். அன்றிலிருந்து இந்த வாதம் ஓயவில்லை. அங்கே மத்திய அரசு வைத்த குறைந்தபட்சக் கூலி 2009-லிருந்து 7.25 டாலரிலேயே நிற்கிறது. 20 வயது ஆகாதவர்களுக்கு முதல் 90 நாள் 4.25 டாலர் கொடுத்தால் போதும் என்றும் அங்கே விதி இருக்கிறது. சின்னப் பையன்களுக்கென்று தனி வழி ஏற்கெனவே உண்டு என்றால், இந்தச் சண்டை பெரியவர்களின் கூலியைப் பற்றியதுதானே?

சரி, நம்ம ஊருக்கு வருவோம். செக்காலை ரோட்டிலோ நூறடி ரோட்டிலோ சாயங்காலம் ஒரு நடை போய், கடைக்குள் நிற்பவர்களின் முகத்தைப் பாருங்கள். நான் கணக்கு எழுதும் ஒரு கடையில் சட்டி போடுகிறவர் இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். முட்டைக்கோஸ் நறுக்குகிற அக்காவின் மகள் கல்லூரியில் படிக்கிறாள். பார்சல் கட்டுகிறவர் ஜார்க்கண்டிலிருந்து வந்தவர், மாதம் பிறந்தால் வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டும். பையன் என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை.

இன்னொரு கடைக்காரர் சம்பளப் பட்டியல் தயார் செய்யச் சொல்லி நோட்டைக் கொடுத்தார். ஆறு மாதக் கையெழுத்தும் ஒரே பேனாவில், ஒரே அழுத்தத்தில் இருந்தது. தொகை எழுத வேண்டிய கட்டம் காலி. அரசு சொன்ன தொகையை அதில் எழுதிவிட வேண்டுமாம், கையில் கொடுத்தது வேறாம். நான் எழுத மாட்டேன் என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்தக் கட்டத்துக்கு நேராகக் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர் மட்டும் தன் பெயரைக் கோணல்மாணலாக, எழுத்து எழுத்தாக எழுதியிருந்தார். படிக்காதவர் என்பது பார்த்தாலே தெரிந்தது. எந்தத் தொகைக்குக் கையெழுத்துப் போடுகிறோம் என்று அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

கூலி ஏற வேண்டும் என்பது என் முடிவான கருத்து. நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்.

கோட்டையூரிலிருந்து, சிக்கன் கடையில் வேலை செய்பவர்:

நான் படித்தது எட்டாவது. போனில் பேசினால் எழுத்தாகும் வசதியில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மதியம் மூன்று மணிக்குக் கடைக்குப் போனால் கோழியை வெட்டிக் கழுவி மசாலா தடவி வைக்கணும். ஆறு மணிக்கு எண்ணெய் சட்டி ஏறும். அதற்கப்புறம் பதினொன்றரை வரை நின்றபடிதான். பொரிக்கிற துண்டில் தண்ணீர் இருந்தால் எண்ணெய் தெறிக்கும். என் வலது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை புள்ளி புள்ளியாகத் தழும்பு இருக்கிறது, பழையது கறுப்பாகவும் புதியது சிவப்பாகவும். கடை மூடியதும் சட்டியைத் தேய்த்து, தரையில் படிந்த பிசுக்கை சோடா மாவு போட்டுச் சுரண்டினால்தான் வீட்டுக்கு விடுவார்கள். அந்த நேரத்தில் பஸ் கிடையாது. ஷேர் ஆட்டோவுக்குக் கொடுப்பது நாள் சம்பளத்திலிருந்துதான் போகிறது.

எங்கள் கடையில் மாஸ்டருக்கு நல்ல சம்பளம். அவருக்குப் பேட்டா தனி, அட்வான்ஸ் தனி. அவர் கோபித்துக்கொண்டு போனால் கடை நடக்காது என்று முதலாளிக்குத் தெரியும். எங்களை மாதிரி கழுவுகிற, வெட்டுகிற பொம்பளைகள் போனால் மறுநாளே வேறு ஆள் வரும். போன வருடம் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து போய்க் கேட்டோம். தனியாகக் கேட்டிருந்தால் நின்றுவிடு என்று சொல்லியிருப்பார். மூன்று பேரும் ஒரே நேரத்தில் நின்றதால் நாளைக்கு 50 ரூபாய் ஏற்றினார். அந்த 50 ரூபாயில்தான் மகனுக்குக் கணக்கு டியூஷன் போட்டேன்.

தேவகோட்டையிலிருந்து, கடை நடத்துபவர்:

எல்லாரும் முதலாளியைத் திட்டுகிறீர்கள். எங்கள் பக்கத்தையும் கேளுங்கள்.

கடைக்கு வாங்கும் சிலிண்டரும் எண்ணெயும் கோழியும் என் கையில் இல்லாத விலை. ஆன்லைனில் வரும் ஆர்டருக்கு ஆப்காரர்கள் எடுக்கிற கமிஷனை எடுத்துக்கொண்டுதான் மீதியை அனுப்புகிறார்கள். என் கடையில் ஆறு பேர் வேலை, சுமாரான நாளில் 150 பிளேட் போகும். பிரைடு ரைஸ் 120 ரூபாய். கலிஃபோர்னியா சட்டமே நாடு முழுக்க 60 கிளைகளுக்குக் குறையாத பெரிய கம்பெனிகளுக்குத்தான். ஒற்றைக் கடைக்காரனை அந்த ஊரே விட்டுவைத்திருக்கிறது, இங்கே எங்களை ஏன் சேர்க்கிறீர்கள்?

ஒன்று மட்டும் மனதாரச் சொல்கிறேன். அரசு சொன்ன கூலியை நான் கொடுக்கிறேன். எதிர்வரிசைக் கடைக்காரர் கொடுப்பதில்லை. அதனால் அவர் பிளேட் என்னுடையதைவிடப் பத்து ரூபாய் குறைவு, கூட்டம் அங்கே போகிறது. கூலியை ஏற்றுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எல்லாருக்கும் ஏற்றி, எல்லாரிடமும் கேளுங்கள். ஒழுங்காகக் கொடுக்கிறவன் நஷ்டப்படுகிற மாதிரி இருந்தால் எத்தனை நாளைக்கு ஒருவன் ஒழுங்காக இருப்பான்?

பள்ளத்தூரிலிருந்து:

என் அத்தாச்சி கலிஃபோர்னியாவில் ஒரு பெரிய கம்பெனியின் கடையில் வேலை செய்கிறார். ஐம்பதை நெருங்குகிறவர். 2024 ஏப்ரல் 1 முதல் 20 டாலர் வந்தது. கூடவே வாரத்தில் சில மணி நேரத்தைக் குறைத்துவிட்டார்கள், ஆர்டர் எடுக்கத் திரை வைத்த மெஷினும் வந்தது. ஆனாலும் மாதக் கடைசியில் கைக்கு வருவது முன்னைவிடக் கூடுதல்தான் என்கிறார். குறைந்த நேரத்தில் அதே வேலையை முடிக்கச் சொல்வதுதான் உடம்பை வாட்டுகிறதாம்.

காரைக்குடியிலிருந்து, கணக்கு எழுதுபவர்:

தேவகோட்டை அண்ணே, நீங்கள் கொடுத்த கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஆறு பேருக்கும் நாளைக்கு 100 ரூபாய் ஏற்றினால் 600 ரூபாய். 150 பிளேட்டில் பிரித்தால் பிளேட்டுக்கு 4 ரூபாய். 120 ரூபாய் பிரைடு ரைஸ் 124 ஆனால் யாரும் கடை மாறிப் போக மாட்டார்கள், எதிர்க்கடைக்காரரும் அதே 4 ரூபாயை ஏற்ற வேண்டிய நிலை வந்தால். நீங்கள் சொன்னதுதான் சரி: ஒருவருக்கு மட்டும் ஏறினால் பாரம், எல்லாருக்கும் ஏறினால் விலைக்குள் அடங்கிவிடும்.

கலிஃபோர்னியாவிலும் இதை ஆராய்ந்தார்கள். பெர்க்லி பல்கலைக்கழகத்தார் விலை சுமார் 3.7 சதவீதம் ஏறியது, அதாவது 4 டாலர் பண்டத்துக்கு 15 சென்ட் என்றும், வேலை குறையவில்லை என்றும் சொன்னார்கள். வேறு பொருளாதார அறிஞர்கள் சுமார் 18,000 வேலை குறைந்தது என்று கணக்குக் காட்டினார்கள். இந்த வாதம் புதிதல்ல. 1992-ல் நியூ ஜெர்சியில் கூலியை 4.25-லிருந்து 5.05 டாலராக ஏற்றியபோது, டேவிட் கார்டு, ஆலன் குரூகர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் அங்கேயும் பக்கத்து மாநிலத்திலும் 410 பாஸ்ட் புட் கடைகளை ஒப்பிட்டு, வேலை குறைந்ததற்கு அடையாளம் இல்லை என்று எழுதினார்கள். அதையும் வேறு சிலர் மறுத்து எழுதினார்கள். கார்டுக்கு 2021-ல் நோபல் பரிசு கிடைத்தது. அறிஞர்கள் பேசட்டும். பள்ளத்தூர்க்காரர் சொன்ன நேரக் குறைப்பு உண்மையான கவலை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஒற்றைக் கடைக்கு விலக்கு என்பதில் உங்களோடு உடன்பட மாட்டேன். வேலை செய்கிறவர் அரிசி வாங்கப் போனால், உன் முதலாளிக்கு எத்தனை கிளை என்று கேட்டா விலை சொல்கிறார்கள்? நம் நாட்டில் கூலியை எப்படிக் கணக்கிட வேண்டும் என்று 1957-லேயே இந்தியத் தொழிலாளர் மாநாடு சொல்லிவிட்டது. வேலை செய்கிறவரையும் குடும்பத்தையும் சேர்த்து மூன்று நுகர்வு அலகு, அதாவது மூன்று பெரியவர்களுக்கு ஆகிற செலவு, அலகுக்கு நாளைக்கு 2,700 கலோரி, குடும்பத்துக்கு வருடம் 72 கஜம் துணி, வீட்டு வாடகை, அடுப்புக்கும் விளக்குக்கும் ஆகிற செலவு. பிள்ளைகள் படிப்பு, மருத்துவம், நல்லது கெட்டதுக்கு என்று 25 சதவீதம் சேர்க்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 1991-ல் தீர்ப்புச் சொன்னது. கோட்டையூர் அக்கா மகனுக்குப் போட்ட கணக்கு டியூஷன் அந்த 25 சதவீதத்தில் வருவது. அதற்கு அவர் மூன்று பேராகச் சேர்ந்து நின்று கேட்க வேண்டியிருந்தது என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்பு என்று அதே நீதிமன்றம் 1982-லேயே சொல்லியிருக்கிறது.

நம்ம பக்கத்துக்கு இது தெரியாத வழக்கமும் இல்லை. பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன காலத்தில், வேலைக்குப் போகிறவருக்கு மூன்று வருடக் கணக்கு உண்டு, சம்பளம் இவ்வளவு என்று பேசிச் சீட்டில் எழுதிக்கொண்டுதான் கப்பல் ஏறினார்கள். இன்றைக்கும் கல்யாணத்துக்குச் சமையல் பேசினால் கூலியை முதலில் பேசி, வெற்றிலை பாக்கோடு அட்வான்ஸ் வைக்கிறோம். அந்த மரியாதை எண்ணெய் சட்டி முன்னால் நிற்கிற அக்காவுக்கு ஏன் கிடையாது?

அக்கா, உங்களுக்கு ஒன்று. தமிழ்நாட்டில் ஹோட்டல் வேலைக்கு அரசு கூலி நிர்ணயித்திருக்கிறது. அடிப்படைச் சம்பளம் ஒன்று, அதன்மேல் விலைவாசியைப் பார்த்து ஒவ்வொரு ஏப்ரலிலும் மாறுகிற பஞ்சப்படி ஒன்று. இரண்டையும் கூட்டித்தான் உங்கள் சம்பளத்தோடு ஒப்பிட வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த ஊதியச் சட்டத்தில், சம்பளச் சீட்டு கொடுக்க வேண்டியது முதலாளியின் கடமை. கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி. பாக்கி கேட்க முன்பு ஆறு மாதம்தான் கெடு, இப்போது மூன்று வருடம். கடைக்குள் போகிற நேரத்தையும் வெளியே வருகிற நேரத்தையும் இன்றிலிருந்து ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். மற்ற இரண்டு பேரையும் எழுதச் சொல்லுங்கள். தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு மனு எழுத வேண்டும் என்றால் நான் எழுதித் தருகிறேன், காசு வேண்டாம்.