மேலத்தெரு சொந்தங்கள் குழு: அருணுக்குக் குலுக்கல் விழுந்த ஞாயிறு

நான் (12:58)
எல்லாருக்கும் ஒரு செய்தி. ஆஸ்திரேலியாவின் வேலை-விடுமுறை விசாக் குலுக்கலில் என் பெயர் வந்திருக்கிறது. அம்மாவிடம் இப்போதுதான் சொன்னேன்.

அம்மா (1:00)
சாப்பாட்டில் கை வைத்த நேரத்தில் சொல்கிறான். சோறே இறங்கவில்லை.

மீனா அத்தை (1:02)
வாழ்த்துகள்டா தங்கம். படிக்கப் போகிற விசாவா, வேலைக்குப் போகிற விசாவா?

நான் (1:05)
இரண்டும் இல்லை அத்தை. 462 என்று அதற்கு எண். 18 முதல் 30 வயது வரை உள்ளவர்கள் ஒரு வருஷம் அங்கே ஊர் சுற்றலாம், கைச்செலவுக்கு வேலையும் பார்க்கலாம். இந்தியாவுக்கு வருஷத்துக்கு 1,000 இடம்தான். 2024 அக்டோபரில் முதல் குலுக்கல் திறந்தபோது 40,000 பேர் பதிந்ததாகச் செய்தியில் வந்தது. கயல் அக்காவுக்குக் கிடைத்தது அந்த முறைதான்.

பெருமாள் மாமா (1:09)
மதுரையில் எனக்குத் தெரிந்த ஏஜென்ட் ஒருவர் இருக்கிறார். மூன்று லட்சம் கட்டினால் தோட்ட வேலை, தங்க இடம், இரண்டாம் வருஷ விசாவுக்கான சான்று எல்லாமே அவர் பொறுப்பாம். பையனை அலைய விட வேண்டாம், நான் பேசி முடிக்கிறேன்.

அம்மா (1:10)
அண்ணே, தோட்ட வேலையா? இவன் என்ஜினியரிங் படித்தவன்.

பெரியப்பா (1:12)
கயல் வரட்டும். ஆஸ்திரேலியாவில் அவள் இருக்கிற டல்லி ஊரில் மணி ஐந்தே முக்கால் ஆகப் போகிறது. ஞாயிறு வேலை இல்லை, பார்த்துவிடுவாள்.

கயல் அக்கா (1:21)
அருண்!! ரொம்பச் சந்தோஷம்டா.
மாமா, முதலில் உங்களுக்கு. அந்த ஏஜென்ட்டிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். குலுக்கலுக்கு 25 ஆஸ்திரேலிய டாலர், பெயர் வந்தால் விசாவுக்கு 670 டாலர். இரண்டையும் அரசின் இணையதளத்தில் அவனே கட்டிவிடலாம். இங்கே தோட்ட வேலைக்கு யாரும் முன்பணம் வாங்குவதில்லை. வேலை தருகிறேன் என்று பணம் கேட்பவனிடம் வேலை இருக்காது.

பெருமாள் மாமா (1:23)
சான்று வேண்டுமே அம்மா? அது இல்லாமல் இரண்டாம் வருஷம் இருக்க முடியாதாமே.

கயல் அக்கா (1:27)
இரண்டாம் வருஷத்துக்குக் குலுக்கல் கிடையாது மாமா. முதல் வருஷத்தில் மூன்று மாதம், அதாவது 88 நாள், அவர்கள் குறித்திருக்கும் பகுதியில் குறித்திருக்கும் வேலையைச் செய்திருக்க வேண்டும். வாழை, கரும்பு, தக்காளி, மாடு வளர்ப்பு எல்லாம் அதில் வரும். வடக்கே என்றால் ஓட்டல் வேலையும் கணக்கில் சேரும். செய்த வேலைக்குச் சான்று சம்பளச் சீட்டும் வங்கிக் கணக்கும்தான். காசு கொடுத்து வாங்கிய கடிதத்தை நீட்டினால் விசா மறுக்கப்படும், பிறகு வேறு விசா கிடைப்பதும் கஷ்டம். உழைத்தால் தானாகக் கிடைப்பதை எதற்காக விலைக்கு வாங்க வேண்டும்?

பெருமாள் மாமா (1:29)
சரிம்மா. அவரிடம் இன்னும் எதுவும் கொடுக்கவில்லை. விட்டுவிடுகிறேன்.

அம்மா (1:31)
கயலு, நீ தப்பாக நினைக்காதே. நாலு வருஷம் படிக்க வைத்த பிள்ளை அங்கே போய் வாழைத்தார் சுமக்கிறான் என்று யாரிடம் சொல்வேன்?

பெரியப்பா (1:36)
தம்பி வீட்டில் இப்படிச் சொல்லக் கூடாதும்மா. என் இரண்டு பிள்ளைகளின் ஃபீஸும் வாழைத்தாரில் வந்ததுதான். அருணுக்கு மூன்றாம் வருஷம் கட்டியதும் அந்த வருஷத்து ஜி-9 வாழை வெட்டின காசு. என் தோட்டத்தில் தார் சுமக்கிறவர்களைப் பார்த்து நான் ஒரு நாளும் கேவலம் என்று நினைத்தது இல்லை. கயல் டல்லியில் வாழைத் தோட்டத்தில் வேலை செய்கிறாள் என்று டீக்கடையில் நானே சொல்லுவேன்.

அம்மா (1:40)
மாமா, மன்னித்துவிடுங்கள். பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன்.

பெரியப்பா (1:41)
பயம் இருக்கத்தான் செய்யும். அதைப் பேசுவோம்.

கயல் அக்கா (1:49)
சித்தி, வேலை எப்படி என்று சொல்கிறேன். அப்பாவுக்கும் பிடிக்கும்.
இங்கே தார் முழுக்க உறை போட்டுத்தான் விளைகிறது. வெட்டும்போது ஒருவர் தோளில் திண்டு வைத்துத் தாருக்குக் கீழே நிற்பார். இன்னொருவர் மரத்தில் அரைவெட்டாக ஒரு வெட்டுப் போடுவார். மரம் மெதுவாக வளைந்து தார் தோளில் வந்து இறங்கும், அப்புறம் காம்பை அறுப்பார்கள். அங்கிருந்து டிராக்டர் டிரெய்லருக்கு. இது பெரும்பாலும் ஆண்கள் செய்வது, முதல் இரண்டு வாரம் முதுகு விட்டுப்போகும். அருண், தோளில் வாங்கும்போது முழங்காலை மடக்கு, இடுப்பைத் திருப்பாதே.
நான் பேக்கிங் ஷெட்டில் இருக்கிறேன். சீப்பு சீப்பாக அறுத்துத் தண்ணீர்த் தொட்டியில் விடுவார்கள், அடிபட்டதைக் கழித்து, ஸ்டிக்கர் ஒட்டிப் பெட்டியில் அடுக்க வேண்டும். நாள் முழுக்க நின்றபடிதான். சில தாரில் தவளை இருக்கும், சிலதில் பாம்பும் இருக்கும், அதனால் கையை விட்டுத் துழாவுவதில்லை.

பெரியப்பா (1:52)
வாடல் நோய் அங்கே எப்படி? செருப்பைக் கழுவ வைக்கிறார்கள் என்று ஒரு தடவை சொன்னாயே.

கயல் அக்கா (1:57)
ஆமாம் அப்பா. 2015 மார்ச்சில் டல்லி பக்கத் தோட்டம் ஒன்றில்தான் பனாமா வாடலின் நான்காம் வகை வந்தது. மண்ணில் எத்தனையோ வருஷம் கிடக்கும், மருந்து கிடையாது. அதனால் ஒரு தோட்டத்து மண் இன்னொன்றுக்குப் போகக் கூடாது என்று பூட்ஸைக் கிருமிநாசினித் தொட்டியில் முக்கித்தான் உள்ளே விடுகிறார்கள், வண்டிச் சக்கரத்தையும் கழுவுகிறார்கள். நாட்டின் வாழைப்பழத்தில் பெரும்பங்கு இந்த வட குயின்ஸ்லாந்தில்தான் விளைகிறது, வெளியிலிருந்து பழம் வருவதும் இல்லை. 2006 மார்ச்சில் லாரி புயல், 2011 பிப்ரவரியில் யாசி புயல். இரண்டு முறையும் தோட்டங்கள் அப்படியே படுத்துவிட்டன, கடையில் பழம் கிலோ பத்து டாலரைத் தாண்டியது.

பெரியப்பா (1:58)
ஐயோ. ஒரே காற்றில் தோப்பு படுத்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

மீனா அத்தை (2:00)
மழை எப்போதும் கொட்டும் என்றாயே, சளி பிடிக்காமல் இருக்கிறாயா?

கயல் அக்கா (2:02)
நன்றாக இருக்கிறேன் அத்தை. ஊர் நடுவே 7.9 மீட்டர் உயரத்தில் தங்க நிறத்தில் ஒரு ரப்பர் பூட்ஸ் சிலை இருக்கிறது. 1950-இல் இங்கே பெய்த மழையின் அளவு அதுதான். அருண், நல்ல மழைக்கோட்டு இங்கே வந்து வாங்கிக்கொள்.

நான் (2:04)
அக்கா, சம்பளம்?

கயல் அக்கா (2:15)
இதை எல்லாரும் பொறுமையாகப் படியுங்கள், எனக்கு இதுதான் முக்கியம்.
தோட்டத்தில் நிரந்தரமில்லாத ஆளாகச் சேர்ந்தால் மணிக்கு 30 டாலருக்கு மேல் தர வேண்டும். சம்பளத்தோடு விடுப்பு கிடையாது என்பதால் அடிப்படைக்கு மேல் 25 சதவீதம் சேர்த்திருக்கிறார்கள். பெட்டிக்கு இவ்வளவு, வாளிக்கு இவ்வளவு என்று பேசினாலும் மணிக்கணக்குக்கான குறைந்த கூலிக்குக் கீழே போகக் கூடாது. 2022 ஏப்ரல் 28 முதல் அதுதான் சட்டம். அதற்கு முன்னால் நாள் முழுக்கப் பறித்துவிட்டு வாடகைக்குக்கூடக் காணாமல் திரும்பியவர்கள் இருந்தார்கள்.
வரி முதல் டாலரிலிருந்தே 15 சதவீதம், 45,000 டாலர் வரை. வந்த வாரமே வரி எண்ணுக்கு விண்ணப்பித்துவிடு. சம்பளத்துக்கு மேலே 12 சதவீதம் ஓய்வூதியக் கணக்கில் முதலாளி போட வேண்டும். ஊர் திரும்பும்போது அதை எடுக்கலாம், ஆனால் 65 சதவீதம் வரியாகப் போய்விடும். எனக்கு இது நியாயமாகத் தெரியவில்லை, இருந்தாலும் மிச்சத்தை விடாமல் எடு.
சம்பளம் போட்ட மறு வேலைநாளுக்குள் சீட்டு வர வேண்டும். "கையில் ரொக்கம் தருகிறேன், சீட்டு வேண்டாம்" என்றால் அன்றே கிளம்பிவிடு. சீட்டு இல்லாவிட்டால் நீ உழைத்த நாள் எதுவும் கணக்கில் வராது.

அம்மா (2:17)
கொடுக்காமல் ஏமாற்றினால் அந்த ஊரில் யாரிடம் போய்க் கேட்பான்?

கயல் அக்கா (2:24)
கேட்க ஆள் இருக்கிறது சித்தி. என்னோடு அறையில் தைவான் பெண் ஒருத்தி இருக்கிறாள். முன்பு அவள் வேலை செய்த இடத்தில் பல மணி நேரத்தை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டார்கள். வந்த நேரம், போன நேரம் எல்லாவற்றையும் சின்ன நோட்டில் எழுதி வைத்திருந்தாள். ஃபேர் வொர்க் என்ற அரசு அலுவலகத்துக்கு 13 13 94-இல் பேசினாள், கடைசியில் பாக்கி முழுவதும் வந்தது. 131 450-க்குப் பேசினால் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். புகார் கொடுத்தால் விசா பறிபோகும் என்று முன்பு எல்லாரும் பயந்து கிடந்தார்கள். சுரண்டப்பட்டவர்களின் விசாவுக்கு 2024 ஜூலையிலிருந்து சட்டப் பாதுகாப்பு வந்திருக்கிறது. ஆகவே அருண், நோட்டுப் போடு. பாஸ்போர்ட்டை யார் கேட்டாலும் காட்டலாம், கொடுத்துவைக்கக் கூடாது.

மீனா அத்தை (2:26)
தங்குவது எங்கே? அதுதான் எனக்குக் கவலை.

கயல் அக்கா (2:33)
தோட்ட ஊர்களில் வேலையும் படுக்கையும் சேர்த்துத் தரும் விடுதிகள் இருக்கின்றன. நல்லவையும் உண்டு. ஆனால் வேலை இல்லாத வாரத்திலும் வாடகை ஓடும், சில இடத்தில் வேனுக்குத் தனியாகப் பிடிப்பார்கள். அதனால் முதலிலேயே பல வார வாடகையைக் கட்டாமல் ஒரு வாரம் இருந்து பார்க்க வேண்டும்.
இன்னொன்று. 2000 ஜூன் 23 அன்று குயின்ஸ்லாந்தின் சில்டர்ஸ் ஊரில் பேக்பேக்கர் விடுதி ஒன்று தீப்பற்றியது. 15 பேர் போய்விட்டார்கள். பழம் பறிக்க வந்த பிள்ளைகள் தங்கும் இடம் அது. எந்த விடுதிக்குப் போனாலும் புகை எச்சரிக்கைக் கருவி இருக்கிறதா, வெளியேறும் கதவு திறக்கிறதா என்று பெட்டியை இறக்கும் முன்னே பார்.

அம்மா (2:35)
நெஞ்சு பதறுகிறது கயலு.

கயல் அக்கா (2:39)
தெரியும் சித்தி. எனக்கும் படித்தபோது அப்படித்தான் இருந்தது. தெரிந்துகொண்டு வருகிறவனுக்குப் பாதி ஆபத்து குறைகிறது, அதனால்தான் மறைக்காமல் சொல்கிறேன். கடலும் அப்படித்தான் அருண். இந்தப் பக்கம் நவம்பர் முதல் மே வரை கொட்டும் ஜெல்லி மீன் வரும், வலை கட்டிய இடத்தில் மட்டும் இறங்கு. சிவப்பு-மஞ்சள் கொடி நட்ட இடத்துக்கு வெளியே நீந்தாதே. ஆற்றோரம் முதலைப் பலகை இருந்தால் தண்ணீருக்குப் பக்கத்திலேயே போகாதே.

நான் (2:41)
சரி அக்கா. உடம்புக்கு முடியாமல் போனால்?

கயல் அக்கா (2:43)
இந்தியர்களுக்கு இங்கே அரசு மருத்துவச் சலுகை கிடையாது. காப்பீடு எடுக்காமல் விமானம் ஏறாதே. வேலையில் அடிபட்டால் அதற்கு முதலாளி கட்டும் காப்பீடு தனி, விசாக்காரர்களுக்கும் உண்டு.

அம்மா (2:46)
ஒரு வருஷம் முடிந்து இவன் என்ன கொண்டு வருவான்? பணமா?

கயல் அக்கா (2:54)
பணம் கொஞ்சம் சேரும் சித்தி, வீடு கட்டுகிற அளவுக்கு இல்லை. அதை நம்பி வரவே கூடாது. ஆனால் இதைக் கேளுங்கள். இங்கே என் மேற்பார்வையாளரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன். முதலாளியும் அதே பூட்ஸைப் போட்டுக்கொண்டு அதே தொட்டியில் முக்கிவிட்டுத்தான் உள்ளே வருகிறார். பிரான்ஸிலிருந்து வந்த பையனுக்கு நான் ரசம் வைக்கச் சொல்லிக் கொடுத்தேன், எனக்கு அவன் கார் எண்ணெய் மாற்றச் சொல்லிக் கொடுத்தான். கெய்ர்ன்ஸ் நகரத்துக்கு 140 கிலோமீட்டர் நானே ஓட்டிப் போய்ப் பருப்பும் புளியும் வாங்கி வருகிறேன். ஊரில் இருந்தபோது தேனி பஸ் ஸ்டாண்டுக்குக்கூட அப்பாதானே கொண்டுவந்து விடுவார். அழுத ராத்திரிகளும் உண்டு, வந்த புதிதில் நிறையவே. இருந்தாலும் இந்த வருஷம் எனக்குக் கிடைத்ததில் ரொம்ப மகிழ்ச்சி. தம்பிக்கும் கிடைக்கட்டும் என்று மனசார ஆசைப்படுகிறேன்.

அம்மா (2:58)
சரிம்மா. போய் வரட்டும். நீ இருக்கிற ஊருக்கே முதலில் வரச் சொல்.

கயல் அக்கா (3:00)
வரட்டும். அருண், பெயர் வந்த நாளிலிருந்து 28 நாளுக்குள் விண்ணப்பம் போட வேண்டும். டிகிரி சான்று, ஆங்கிலத் தகுதிக்கான சான்று, டிக்கெட் காசு போக 5,000 டாலர் கையிருப்புக் காட்டும் வங்கி அறிக்கை. மார்பு எக்ஸ்ரே கேட்டால் அவர்கள் பட்டியலில் உள்ள மருத்துவரிடம் மட்டும் எடு.

நான் (3:01)
நாளைக் காலை வங்கிக்குப் போகிறேன் அக்கா.

பெரியப்பா (3:03)
கையிருப்பில் குறைந்தால் சொல்லுடா, அடுத்த வெட்டு வருகிறது. கயல், அந்தத் தோள் திண்டைப் படம் எடுத்து அனுப்பு, உள்ளே என்ன வைத்துத் தைக்கிறார்கள் என்றும் பார். நம் ஆட்கள் வெறும் துண்டைச் சுருட்டி வைத்துத்தான் சுமக்கிறார்கள்.

கயல் அக்கா (3:05)
காலையில் ஷெட்டில் எடுத்து அனுப்புகிறேன் அப்பா. நீள அகலமும் அளந்து எழுதுகிறேன்.