உதவி தேவை: பேச்சிலரெட் பார்ட்டி ஸ்கேவஞ்சர் ஹண்ட் ஒத்திகையிலேயே சொதப்பிவிட்டது

மஞ்சள்குடை | செவ்வாய், இரவு 11:40

அவசரம். சனிக்கிழமை தோழியின் பேச்சிலரெட் பார்ட்டி, கல்யாணத்துக்கு முன் தோழிகள் வைக்கும் கொண்டாட்டம். அதில் ஸ்கேவஞ்சர் ஹண்ட், அதாவது ஒளித்துவைத்த குறிப்புகளைத் தேடிப் போகும் விளையாட்டு, நடத்தும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. இன்று மாலை ஒத்திகை பார்த்தோம். ஒரு அணி 18 நிமிடத்தில் முடித்துவிட்டுப் போன் நோண்ட உட்கார்ந்துவிட்டது. இன்னொரு அணி 50 நிமிடம் ஆகியும் மூன்றாவது குறிப்பைத் தாண்டவில்லை, கடைசியில் கோபித்துக்கொண்டு பாதியில் விட்டுவிட்டார்கள். குறிப்புகள் ரொம்பச் சுலபமா, ரொம்பக் கஷ்டமா என்றே புரியவில்லை. சுலபமாக்கினால் முதல் அணி பத்து நிமிடத்தில் முடித்துவிடும். என்ன செய்வது? போதாக்குறைக்கு இரண்டு கியூஆர் கோடும் ஸ்கேன் ஆகவில்லை. சீக்கிரம் சொல்லுங்கள்.

கடைசிபெஞ்ச் | செவ்வாய், இரவு 11:52

எத்தனை பேர்? வீட்டுக்குள்ளா, வெளியிலா? பகலா, இரவா? மொத்தம் எவ்வளவு நேரம் ஓட வேண்டும்? மணப்பெண்ணும் விளையாடுகிறாரா, இல்லை அவருக்குத் தெரியாத சர்ப்ரைஸா? இதில் ஒன்றைக்கூடச் சொல்லாமல் "சீக்கிரம் சொல்லுங்கள்" என்றால் நாங்கள் சோழியா போட்டுப் பார்க்க முடியும்?

கறுப்புவெள்ளைக்கட்டம் | புதன், காலை 6:15

கியூஆர் கோடுதான் உங்கள் பிரச்சினை. இலவசத் தளம் எதிலாவது "டைனமிக்" வகையில் உருவாக்கினீர்களா? அந்த வகையில் குறிப்பு கோடுக்குள் இருக்காது. ஸ்கேன் செய்தால் முதலில் அந்தத் தளத்துக்குப் போய், அங்கிருந்துதான் குறிப்பு வரும். இலவசக் காலம் முடிந்ததும் கோடு செத்துவிடும். "ஸ்டாட்டிக்" வகையில் எழுத்து கோடுக்குள்ளேயே இருக்கும். அதற்குக் காலாவதி கிடையாது, நெட் இல்லாவிட்டாலும் படிக்கலாம். கோடைச் சுற்றி, அதில் உள்ள சின்னக் கட்டங்களில் நான்கின் அகலத்துக்காவது வெற்றிடம் விடுங்கள். பிழை திருத்த அளவை "எச்" என்று வைத்தால் கோடில் சுமார் 30 சதவீதம் அழிந்தாலும் படிக்கும். கார் உதிரிபாகங்களைக் கணக்கு வைக்க 1994-ல் ஜப்பானின் டென்சோ வேவ் உருவாக்கிய சமாச்சாரம் இது. தொழிற்சாலை அழுக்கைத் தாங்குவது உங்கள் பார்ட்டியைத் தாங்காதா?

நடைவண்டி | புதன், காலை 7:02

கியூஆர் எல்லாம் எதற்கு? ஜியோகேஷிங் மாதிரி வையுங்கள். அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை மட்டும் கொடுத்தால் போன் காட்டும் வழியில் போய்த் தேடுவார்கள். சாதாரண ஜிபிஎஸ்-ஸில் வேண்டுமென்றே கலந்துவைத்திருந்த பிழையை அமெரிக்கா 2000 மே தொடக்கத்தில் நிறுத்தியது. நிறுத்திய சூட்டோடு டேவ் உல்மர் என்பவர் ஓரிகனில் ஒரு வாளியை ஒளித்துவைத்துவிட்டு, இடத்தின் எண்களை இணையத்தில் போட்டார். அப்படித்தான் அந்த விளையாட்டு பிறந்தது. செம ஜாலியாக இருக்கும்.

பழையபேனா | புதன், காலை 8:30

இந்தக் கேள்வியை நான் இங்கே பார்ப்பது எத்தனையாவது தடவையோ. முதலில் அடிப்படை. நீங்கள் நடத்துவது ஸ்கேவஞ்சர் ஹண்ட்டே இல்லை. ஒரு குறிப்பு அடுத்த இடத்தைக் காட்ட, அது அதற்கடுத்ததைக் காட்ட, கடைசியில் பரிசு கிடைத்தால் அது ட்ரெஷர் ஹண்ட், புதையல் வேட்டை. பட்டியலைக் கையில் கொடுத்து, எந்த வரிசையிலாவது பொருள்களைச் சேகரித்து வரச் சொன்னால்தான் ஸ்கேவஞ்சர் ஹண்ட். பெயரே தெரியாமல் விளையாட்டை வடிவமைத்தால் இப்படித்தான் ஆகும். பட்டியல் முறையில் யாரும் எங்கும் மாட்டிக்கொள்ள மாட்டார்கள். ஒன்று கிடைக்காவிட்டால் அடுத்ததற்குப் போய்விடலாம். கொஞ்சம் படித்துவிட்டு வாருங்கள்.

கடைசிபெஞ்ச் | புதன், காலை 8:41

பேனா சார், அவர் கேட்டது பெயர்ப் பொருத்தம் இல்லை.

மஞ்சள்குடை | புதன், மதியம் 1:20

மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். என்னையும் மணப்பெண்ணையும் சேர்த்து 20 பேர். தோட்டத்தோடு ஒரு பெரிய வீட்டை ஒரு நாளுக்கு எடுத்திருக்கிறோம், எல்லாம் அதற்குள்தான். மாலை நாலு மணி, ஒரு மணி நேரம் ஓடினால் போதும். மணப்பெண்ணுக்கு எதுவும் தெரியாது. கியூஆரைக் கறுப்பு அட்டையில் தங்க நிறத்தில் அச்சடித்திருந்தேன். பார்க்க அழகாக இருந்தது, அவ்வளவுதான்.

கறுப்புவெள்ளைக்கட்டம் | புதன், மதியம் 1:31

தங்க நிறமா! என் பெயரைப் பார்த்தீர்களா? வெள்ளைத் தாளில் கறுப்பு மை. கோடின் நிறம் தலைகீழாக இருந்தால் சில செயலிகள் படிக்காது, மினுமினுப்பு கேமராவின் கண்ணைக் கூச வைக்கும். அழகெல்லாம் உறையில் இருக்கட்டும்.

இழுபறி | புதன், மதியம் 1:50

@நடைவண்டி ஒரே வீட்டுக்குள் ஜிபிஎஸ்-ஸா? திறந்த வானத்தின் கீழேயே போன் ஐந்து மீட்டர் முன்னே பின்னே காட்டும். கூரைக்குள் போனால் சமையலறையில் நிற்பவரைப் பக்கத்து வீட்டில் நிற்பதாகச் சொல்லும். மாடி எது, கீழ்த்தளம் எது என்பதும் தெரியாது.

நடைவண்டி | புதன், மதியம் 2:05

வீடு என்று இப்போதுதானே சொன்னார்கள். தோட்டத்திலாவது ஒன்று வைக்கலாமே…

ஏணிப்படி | புதன், மாலை 5:10

இரண்டு அணிக்கே இந்தப் பாடு என்றால் சனிக்கிழமை எல்லோரும் ஒரே இடத்தில் முட்டிக்கொள்வார்கள். முன்னால் போகும் அணி உறையை எடுக்கும்போது பின்னால் வருபவர்கள் பார்த்துவிட்டால் விளையாட்டு முடிந்தது. ஆகவே எல்லோருக்கும் ஒரே வரிசை வைக்காதீர்கள்.

நான்கு அணி, நான்கு இடம் என்று வையுங்கள். முதலில் தோன்றும் வழி 1-2-3-4, 2-3-4-1 என்று சுற்றிவிடுவது. அதில் ஒரு சிக்கல். ஒவ்வொரு அணியும் எப்போதும் ஒரே அணியின் வாலைப் பிடித்துக்கொண்டே போகும். முன்னால் இருப்பவர்கள் தாமதித்தால் பின்னால் வருபவர்கள் போய் மோதுவார்கள். அதற்குப் பதில்:

சிவப்பு 1-2-4-3
நீலம் 2-3-1-4
பச்சை 3-4-2-1
மஞ்சள் 4-1-3-2

சரிபார்த்துக்கொள்ளுங்கள். எந்தச் சுற்றிலும் இரண்டு அணிக்கு ஒரே இடம் வராது. ஒரு இடத்திலிருந்து அடுத்த இடத்துக்குப் போகும் வழியும் இரண்டு அணிக்கு ஒன்றாக இருக்காது.

இதற்காகப் பயந்து நாலு மடங்கு குறிப்பு எழுத வேண்டாம். நான்கு இடத்துக்கு நான்கு, பரிசுப் பெட்டி இருக்கும் இடத்துக்கு ஒன்று, ஆக ஐந்தே குறிப்பு. ஒவ்வொன்றிலும் நான்கு பிரதி, மொத்தம் 20 சீட்டு. எந்தச் சீட்டு எந்த நிற உறைக்குள், எந்த இடத்தில் என்பதுதான் மாறும். உங்கள் நிற உறையை மட்டும் எடுக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அப்புறம் உறை போடும் வேலையைத் தூக்கக் கலக்கத்தில் செய்யாதீர்கள். ஒரு தடவை நான் பச்சையையும் நீலத்தையும் மாற்றிப் போட்டுவிட்டேன். இரண்டு அணிகள் ஒரே குளியலறைக்கு முன்னால் அரை மணி நேரம் வரிசையில் நின்றன, உள்ளே இருந்தவர் குறிப்பைத் தேடுகிறார் என்று நினைத்துக்கொண்டு.

தமிழ்ப்புதிர் | புதன், மாலை 6:00

சங்கேத எழுத்து வைக்கலாமே. மெய் 18, உயிர் 12. முதல் எண் மெய், இரண்டாவது எண் உயிர். தனி மெய் என்றால் இரண்டாவது பூஜ்யம். 10-2, 5-3, 9-0, 9-1, 5-3 என்றால் எந்த இடம் சொல்லுங்கள் பார்க்கலாம்.

கடைசிபெஞ்ச் | புதன், மாலை 6:22

மாடிப்படி. விரல் விட்டு எண்ணியே கண்டுபிடித்துவிட்டேன். ஆனால் பார்ட்டிக்கு வந்தவர்களை உட்காரவைத்து க, ங, ச எண்ணச் சொன்னால் அடிக்க வருவார்கள். ஒன்று போதும், எல்லாவற்றிலும் வேண்டாம்.

பழையபேனா | புதன், மாலை 6:40

ஆய்த எழுத்துக்கு எண்ணே இல்லை. மொத்தம் 247 எழுத்து என்பது நினைவிருக்கட்டும். அரைகுறைச் சங்கேதம்.

தமிழ்ப்புதிர் | புதன், மாலை 6:44

எந்த வீட்டில் ஐயா, ஆய்த எழுத்து வரும் இடத்தில் உறையை ஒளித்துவைக்கிறார்கள்?

பழையபேனா | புதன், மாலை 6:58

அஃகம். தானியம் என்று பொருள். அகராதியைப் புரட்டுங்கள். நான் காலையில் சொன்ன பட்டியல் முறைக்கும் இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. 1920, 30-களில் பெரிய இடத்து விருந்துகளில் இந்த விளையாட்டுகளைப் பிரபலமாக்கியவர் என்று எல்சா மேக்ஸ்வெல்லைச் சொல்வார்கள். அவர் பெயரையாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

இழுபறி | புதன், மாலை 7:15

கேள்விப்பட்டிருக்கிறேன். இரண்டு விளையாட்டையும் சேர்த்துத்தான் அவர் பெயரில் சொல்கிறார்கள். அவரே இரண்டையும் கலந்து வைத்துக்கொண்டபோது நமக்கு என்ன? பட்டியல் முறையில் தெருவில் போகிறவர்களிடம் போய் அதை வாங்கு, இதைச் செய் என்று கேட்கவைப்பார்கள். கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு அது தண்டனை.

பழையபேனா | புதன், மாலை 7:30

வீட்டுக்குள்ளேயே பட்டியல் வைக்க முடியாதா? கைப்பையில் இருப்பதை வைத்தே வைக்கலாம். கலக்கலாம் என்று சொல்பவர்களுக்கு எதையும் விளக்க முடியாது.

மட்டுறுத்துநர் | புதன், இரவு 8:05

பெயர் விவாதத்துக்குத் தனி இழை தொடங்குங்கள். இங்கே கேள்விக்கு மட்டும் பதில்.

விடுகதைப்பாட்டி | புதன், இரவு 9:10

மஞ்சள்குடை, ஒன்று கேட்கட்டுமா? 18 நிமிடத்தில் முடித்த அணியில் யார் யார்? 50 நிமிடம் திணறியவர்கள் யார்? அவர்கள் மாட்டிக்கொண்ட அந்த மூன்றாவது குறிப்பை அப்படியே இங்கே போடுங்கள்.

மஞ்சள்குடை | புதன், இரவு 10:35

முதல் அணி எங்கள் கல்லூரித் தோழிகள் மூன்று பேர். இரண்டாவது அணி மணப்பெண்ணுடைய கசின்கள் மூன்று பேர். மூன்றாவது குறிப்பு இது: "பெரியம்மாவின் காலடியில் பார்." ஹாஸ்டல் அறையில் ஒரு பழைய இரும்பு பீரோ இருந்தது, அதற்கு நாங்கள் வைத்த பெயர் பெரியம்மா. கதவைத் திறந்தாலே முனகும். இந்த வீட்டிலும் அதே மாதிரி ஒரு பீரோ இருக்கிறது, அதற்குக் கீழேதான் உறை.

கடைசிபெஞ்ச் | புதன், இரவு 10:41

கசின்கள் எங்கே தேடினார்கள்?

மஞ்சள்குடை | புதன், இரவு 10:44

ஹாலில் நிஜமான பெரியம்மா உட்கார்ந்திருந்தார். இரண்டு தடவை எழுப்பி நிற்கவைத்திருக்கிறார்கள்.

விடுகதைப்பாட்டி | புதன், இரவு 11:02

அப்படியானால் குறிப்பு சுலபமும் இல்லை, கஷ்டமும் இல்லை. உங்களுக்குத் தெரிந்ததை எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்து எழுதியிருக்கிறீர்கள். கல்லூரிக் கூட்டத்துக்கு அது கேள்வியே இல்லை. கசின்களுக்கு எத்தனை மணி நேரம் கொடுத்தாலும் பதில் வராது, யோசித்துக் கண்டுபிடிக்க அதில் ஒன்றுமே இல்லையே.

அணியைப் பிரிப்பதை மாற்றுங்கள். தெரிந்தவர்கள் தெரிந்தவர்களோடு சேரத்தான் பார்ப்பார்கள், விடாதீர்கள். ஒத்திகை பார்த்த ஆறு பேருக்கும் விடை தெரிந்துவிட்டது. அவர்களை விளையாட்டில் சேர்க்காமல் நாலு இடத்துக்கு ஒருவர், பெட்டிக்கு ஒருவர், சிக்கிக்கொண்டவர்கள் கூப்பிட ஒருவர் என்று நிறுத்துங்கள். உங்களையும் மணப்பெண்ணையும் கழித்தால் மீதி 12 பேர், அணிக்கு மூவர். ஏணிப்படி போட்டுக் கொடுத்த வரிசைக்குச் சரியாக இருக்கும். அந்த 12 பேரில் எந்த வட்டத்தில் எத்தனை பேர்?

குறிப்பை இப்படி எழுதிப் பாருங்கள்:

கதவு உண்டு, வீடு இல்லை;
சட்டை உண்டு, உடம்பு இல்லை.
ஹாஸ்டலில் எனக்கொரு செல்லப்பெயர்,
தெரிந்தவரைக் கேட்டுவிட்டு என் காலடியில் பார்.

முதல் இரண்டு வரி யாருக்கும் புரியும். ஆனால் அந்த வீட்டில் பீரோ ஒன்றுக்கு மேல் இருந்தால் எது என்று கல்லூரித் தோழியைத்தான் கேட்க வேண்டும். அவரும் அந்தப் பெரியம்மா கதையைச் சொல்லியே ஆக வேண்டும். அடுத்த குறிப்பில் கசின் மட்டும் அறிந்த சின்ன வயசுக் கதை, அதற்கடுத்ததில் ஆபீஸ் கதை. மணப்பெண்ணின் மானத்தை வாங்குகிற கதையாக மட்டும் எடுக்காதீர்கள்.

மஞ்சள்குடை | புதன், இரவு 11:20

கல்லூரி 5, கசின் 4, ஆபீஸ் 3.

ஏணிப்படி | வியாழன், காலை 6:50

நன்றாகவே பிரியும். அணிக்கு ஒரு கசின். மூன்று அணிகளில் ஒரு கல்லூரி, ஒரு ஆபீஸ். நான்காவதில் மட்டும் கல்லூரி இருவர், அந்த அணியில் ஆபீஸ் ஆள் இல்லாததால் ஆபீஸ் குறிப்புக்கு ஒரு உதவி இலவசம் என்று வைத்துவிடுங்கள். மற்றபடி உதவி கேட்டால் ஐந்து நிமிடம் சேர்த்துக் கணக்கு. பத்து நிமிடம் தாண்டி எந்த அணியையும் ஒரே இடத்தில் விடாதீர்கள், கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். தோட்டத்து உறையை ஜிப் உறைக்குள் போடுங்கள். வீட்டைக் கூட்டுபவர்களிடமும் சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் உங்கள் குறிப்பு குப்பைத்தொட்டிக்குப் போய்விடும்.

நடைவண்டி | வியாழன், காலை 9:15

மணப்பெண் சும்மா உட்கார்ந்திருப்பாரா?

விடுகதைப்பாட்டி | வியாழன், காலை 9:40

ஒரு அணியோடு முழுதாகச் சேர்த்தால் மற்ற மூன்றும் முணுமுணுக்கும். சுற்றுக்கு ஒரு அணியோடு நடக்கட்டும். உதவக் கூடாது, சிரிக்கலாம்.

மஞ்சள்குடை | ஞாயிறு, மதியம் 12:25

நேற்று நடந்தது. எல்லோருக்கும் நன்றி, விரிவாக எழுத முடியவில்லை, தொண்டை போய்விட்டது. நாலு அணியும் 44 நிமிடத்திலிருந்து 57 நிமிடத்துக்குள் முடித்தன. வெள்ளைத் தாள் கியூஆர் எல்லாப் போனிலும் படித்தது. பரிசுப் பெட்டிக்கு மூன்று இலக்கப் பூட்டு போட்டு, மணப்பெண்ணுடைய ஹாஸ்டல் அறை எண்ணை வைத்திருந்தேன். அவளே ஓடி வந்து தப்பான எண்ணைச் சொன்னாள், அடித்துப் பேசினாள், பூட்டு கெட்டுவிட்டது என்றாள். பீரோ கதையை அப்போதுதான் கேட்டிருந்த கசின் ஒருத்தி, அதோடு கேட்ட அறை எண்ணை வைத்துத் திறந்துவிட்டாள். பெரியம்மா தானாகவே எழுந்து நின்று, "என் காலடியில் ஒன்றும் இல்லை, போங்கள்" என்றார்.

ஏணிப்படி | ஞாயிறு, மதியம் 12:40

அருமை. எந்த இடத்திலாவது இரண்டு அணிகள் சந்தித்துக்கொண்டனவா?

பழையபேனா | ஞாயிறு, மதியம் 1:15

பெட்டி, பூட்டு, பரிசு. ஆக, புதையல் வேட்டை.

ஏணிப்படி | செவ்வாய், காலை 7:05

@மஞ்சள்குடை சந்தித்துக்கொண்டனவா என்று கேட்டேனே?