கவுன்சலிங் போனால் எழுத்து போய்விடுமா?

கரிக்கோடு (மதுரை)

பகலில் விளம்பர வேலை, இரவில் சிறுகதை, கொஞ்சம் கோட்டோவியம். தீபாவளிக்குப் பிறகு ஒரு வரி எழுதவில்லை. அது மட்டும் என்றால் காத்திருப்பேன், ஆனால் தூக்கமும் சரியில்லை, புத்தகத் திருவிழாவில் வாங்கியவை பிரிக்காமலே கிடக்கின்றன, போன் அடித்தால் எடுக்கப் பிடிக்கவில்லை. மனைவி பிடிவாதமாக ஒரு கவுன்சலரிடம் அடுத்த வாரத்துக்கு நேரம் வாங்கிவிட்டாள்.

என் கதைகள் எல்லாம் அப்பாவைச் சுற்றியே வருபவை. அந்தக் கோபம் சரியாகிவிட்டால் எழுத என்ன மிச்சம் இருக்கும் என்று பயமாக இருக்கிறது. அப்புறம் முதல் நாள் என்ன கேட்பார்கள், நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் போகலாமா, கதைகளைப் படித்துவிட்டு இதெல்லாம் நோய் என்று முத்திரை குத்திவிடுவார்களா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள். யோகா செய்யச் சொல்பவர்கள் தயவுசெய்து வேண்டாம்.

ஆற்றோரம்

நான் கவிதை எழுதுகிறேன், நீண்ட காலம் போயிருக்கிறேன். முதல் நாள் உங்களுக்குச் சப்பென்று இருக்கும். வயது, வேலை, தூக்கம், பசி, வீட்டில் யார் யார், குடிப்பீர்களா, வேறு மருந்து சாப்பிடுகிறீர்களா, செத்துப்போய்விடலாம் என்று தோன்றியதுண்டா, இப்படித்தான் போகும். கடைசிக் கேள்வியை எல்லாரிடமும் கேட்பார்கள், அதிராமல் உண்மையைச் சொல்லுங்கள். இலக்கியம் பற்றிப் பேச்சே வராது. பொதுவாக 45, 50 நிமிடம்தான், நீங்கள் சூடு பிடிக்கும்போது நேரம் முடிந்துவிடும், எரிச்சலாக வரும்.

எழுதுகிறவர்களுக்கு அங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. எதையும் கதையாகச் சொல்லிவிடுவோம். அம்மா இறந்த நாளை நான் அவரிடம் அவ்வளவு நேர்த்தியாகச் சொன்னேன், எங்கே நிறுத்தினால் கேட்பவர் கலங்குவார் என்பது உட்பட எல்லாம் எனக்குத் தெரியும், பலமுறை சொல்லிப் பழகியதுதானே. அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "அன்று ராத்திரி சாப்பிட்டீர்களா?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை, அந்த ராத்திரியே நினைவில் இல்லை. அதிலிருந்துதான் உண்மையான பேச்சு தொடங்கியது. அப்பாவைப் பற்றி நீங்களும் கதைகளில் எழுதியதையே திரும்பச் சொல்வீர்கள், பாருங்கள். சொல்லுங்கள், தப்பில்லை, ஆனால் கதையில் வராத அப்பாவைப் பற்றிக் கேட்டால் மழுப்பாதீர்கள்.

நோட்டை எடுத்துப் போங்கள், அவர் கேட்காமல் நீட்ட வேண்டாம். படிக்க உட்கார்ந்தால் உங்கள் நேரம்தான் போகும்.

அப்பா மேல் உள்ள கோபம் அவ்வளவு சுலபமாகத் தீராது, அந்தக் கவலையே வேண்டாம் :) நான் கொஞ்ச காலம் ஒன்றும் எழுதவில்லை. திரும்ப எழுதியபோது கவிதைகள் நீளமாகிவிட்டன, பழைய வாசகர்கள் சிலருக்கு அது பிடிக்கவில்லை. பரவாயில்லை.

நடுப்பக்கம்

இதே துறையில் வேலை செய்கிறேன், அதனால் சுருக்கமாக. எழுத்து வராமல் இருப்பது வேறு. தூக்கம், படிப்பு, மனிதர்கள் என்று முன்பு பிடித்தவையெல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் விட்டுப்போவது வேறு. நீங்கள் சொல்வது இரண்டாவது மாதிரி இருக்கிறது, முதல் சந்திப்பிலேயே அதைச் சொல்லிவிடுங்கள். தைராய்டு பரிசோதனை எடுக்கச் சொன்னாலும் ஆச்சரியப்படாதீர்கள், அதுவும் இப்படிப் படுத்தும்.

கவுன்சலர் என்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிக்கொள்கிறார்கள். என்ன படித்தீர்கள் என்று தைரியமாகக் கேளுங்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும். மருந்து எழுதுவது மனநல மருத்துவர் வேலை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி சிகிச்சை பற்றிய தகவல்கள் ரகசியம்; உங்கள் உயிருக்கோ மற்றவர் உயிருக்கோ ஆபத்து என்பது போன்ற சில சூழல்களில் மட்டும் சொல்ல வேண்டி வரலாம். பொதுவாக மனைவி கேட்டாலும் உங்களைக் கேட்காமல் சொல்லக் கூடாது.

செலவு தாங்காவிட்டால் மதுரையிலேயே அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. ராத்திரி தாங்க முடியாமல் போனால் 14416-க்குப் போன் செய்யுங்கள், அரசின் மனநல உதவி எண், பெயர் டெலி மானஸ், 2022-இல் தொடங்கியது, இலவசம், தமிழில் பேசலாம்.

குரங்குபொம்மை

எதிர்க்கருத்து ஒன்று. நான் முதலில் பார்த்தவர் என் ஓவியங்களைப் பார்த்துவிட்டு, "ஏன் இவ்வளவு கறுப்பு, கொஞ்சம் பாசிட்டிவாக வரையுங்களேன்" என்றார். திரும்பிப் போகவில்லை. இரண்டாவது ஆள் ஓவியத்தைக் கண்டுகொள்ளவே இல்லை, வாடகை பாக்கியையும் அண்ணனோடு இருந்த சண்டையையும் பற்றியே பேசினார், அதுதான் உதவியது. செட் ஆகவில்லை என்றால் ஆளை மாற்றுங்கள், சங்கடப்படாதீர்கள். ஆனால் ஒரு சந்திப்பை வைத்து முடிவு கட்டாதீர்கள், முதல் நாள் யாரையும் பிடிக்காது.

தந்தி

தம்பி, நான் வீணை வாசிப்பவள், பைபோலாருக்காக (மனநிலை அளவு மீறி ஏறி இறங்கும் நோய்) பல வருடமாக லித்தியம் என்ற மருந்து சாப்பிடுகிறேன். உங்களுக்கு மருந்தே தேவைப்படாமல் போகலாம், இருந்தாலும் சொல்கிறேன். ஆரம்பத்தில் விரலில் மெல்லிய நடுக்கம் வந்தது, சுரத்தை அசைத்து வாசிக்கும் கமகத்தில் தெரிந்தது. அது அந்த மருந்தில் தெரிந்த பக்கவிளைவுதான். நானாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொன்னேன், ரத்தத்தில் அளவு பார்த்து டோஸைக் குறைத்தார், இப்போது கச்சேரிக்குத் தொந்தரவில்லை. நீங்கள் கையால் வரைகிறவர், முதல் நாளே அதைச் சொல்லிவிடுங்கள், டாக்டர்களுக்கு அது தானாகத் தோன்றாது.

இன்னொன்று, நம் இலக்கிய வட்டத்தில் மனநோயைக் கலைஞனின் அணிகலன் மாதிரிப் பேசுவது எனக்குப் பிடிப்பதே இல்லை. கவிஞர் ஆத்மாநாமை வைத்து எத்தனை பேர் இப்படிப் பேசிக் கேட்டிருக்கிறேன். 1984-இல் இறந்தபோது அவருக்கு 33 வயது. கவிதை எழுதினார், 'ழ' என்ற சிற்றிதழை நடத்தினார், மற்றவர்களை மொழிபெயர்த்தார், இதெல்லாம் உட்கார்ந்து செய்த வேலை. நோய் அவருக்கு எதையும் எழுதிக் கொடுக்கவில்லை, நமக்குக் கிடைத்திருக்க வேண்டிய கவிதைகளைத்தான் தின்றது.

கரிக்கோடு

எல்லோருக்கும் நன்றி. தந்தி அக்கா, கை விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, குறித்துக்கொண்டேன். ஆற்றோரம், கதையில் வராத அப்பா என்று படித்ததும் கொஞ்சம் கடுப்பாகத்தான் இருந்தது. ஒரு சந்தேகம், முதல் நாள் மனைவியையும் கூட அழைத்துப் போகலாமா?

நடுப்பக்கம்

அழைத்துப் போங்கள். தூக்கம், சாப்பாடு பற்றி அவர்கள் சொல்வதும் உதவும். ஆனால் பாதி நேரமாவது நீங்கள் மட்டும் தனியாகப் பேச வேண்டும் என்று கவுன்சலரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.